நாளையையும் தமிழில் பேசுவோம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘உங்களுக்குப் பிடித்த நாவல் எது?’ என்று நம் தமிழ் வாசகர்களிடம் கேட்டுப் பாருங்கள். பொன்னியின் செல்வன் என்பார்கள். மு.வ., அகிலன், ஜெயகாந்தன் என்று பெயர்கள் வரிசையாக வரும். முகம் மலரப் பேசுவார்கள். ‘சரி, பிடித்த அறிவியல் நாவல் எது?’ என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். சற்று நேரம் அமைதி நிலவும். பிறகு ஒருவர் ‘சுஜாதா’ என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதே கேள்வியை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் நிலைமை வேறு. வேற்றுக்கிரகவாசி, இயந்திர மனிதன், காலப் பயணம் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

ஆக, ஒரே வீட்டில் நேற்றைப் பற்றிய பேச்சு தமிழிலும் நாளையைப் பற்றிய பேச்சு ஆங்கிலத்திலும் நடக்கிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பிள்ளைக்குத் தன் எதிர்காலத்தைப் பற்றிக் கனவு காணத் தாய்மொழி பயன்படவில்லை என்றால், அந்த மொழி அவனுக்குத் தாத்தா பாட்டியின் மொழியாகத்தான் மிஞ்சும். அறிவியல் நாவல்களை நாம் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்று எனக்குப் பிடித்த ஏழு நாவல்களை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். முடிவை எந்தக் கதையிலும் சொல்ல மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

எது அறிவியல் புனைகதை?

நம் புராணத்தில் புஷ்பக விமானம் பறக்கிறது. அது எந்த எரிபொருளில் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதையின் அழகு கெட்டுவிடும். அறிவியல் புனைகதையில் அப்படி இல்லை. அங்கே விமானம் பறந்தால், எப்படிப் பறக்கிறது, யார் செய்தது, அதன் விலை என்ன, அது வந்த பிறகு படகோட்டியின் பிழைப்பு என்ன ஆனது என்று வாசகன் கேட்டே தீருவான். ஆசிரியரும் பதில் சொல்லியாக வேண்டும்.

எளிமையாகச் சொன்னால், ‘இப்படி ஒன்று நடந்தால்?’ என்ற ஒரே ஒரு மாற்றத்தை உலகத்தில் செய்துவிட்டு, அதன் பிறகு மனிதன் என்ன ஆவான் என்று நேர்மையாகத் தொடர்ந்து போவதே அறிவியல் நாவல். அதில் வரும் இயந்திரங்களைவிட மனிதர்களே முக்கியம். ஜோசியம் சொல்வதும் அதன் வேலை அன்று. சொன்னது பலித்ததா என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கதையை இழந்துவிடுகிறார்கள்.

1. பிராங்கன்ஸ்டைன்

இந்த வகையின் தாய் என்று பலரும் சொல்வது, 1818 ஜனவரியில் லண்டனில் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை. எழுதியவர் மேரி ஷெல்லி. 1816-இல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. முதல் பதிப்பில் ஆசிரியர் பெயரே இல்லை.

இந்த நாவல் பிறந்ததில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் உள்ள தம்போரா எரிமலை வெடித்தது. வெடிச் சத்தம் சுமத்ரா வரை கேட்டது. அப்போது ஜாவாவை ஆண்டுகொண்டிருந்த ராபிள்ஸ், பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய அதே ராபிள்ஸ், இதுபற்றித் தம் அதிகாரிகளிடம் அறிக்கை கேட்டு வாங்கினார். வானில் ஏறிய துகள்கள் உலகமெங்கும் பரவிச் சூரிய ஒளியை மங்கச் செய்தன. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே சரியாக வரவில்லை. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த மேரியும் நண்பர்களும் ஓயாத மழையில் வீட்டுக்குள் அடைபட்டார்கள். பொழுதுபோக ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் இந்த நாவல்.

பலரும் நினைப்பதுபோல் பிராங்கன்ஸ்டைன் என்பது அந்த அரக்கனின் பெயர் அல்ல. அவனை உருவாக்கிய மாணவனின் பெயர். அரக்கனுக்குப் பெயரே வைக்கப்படவில்லை! உயிர் கொடுத்தவன் அதன் முகத்தைப் பார்த்த அன்றே அருவருத்து ஓடிவிடுகிறான். அந்தப் பாவப்பட்ட உயிர், ஒரு குடிசைக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்து, அங்குள்ளவர்கள் பேசுவதைக் கேட்டுப் பேசக் கற்றுக்கொள்கிறது, படிக்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு படைத்தவனைத் தேடி வந்து நியாயம் கேட்கிறது.

பெற்றால் மட்டும் போதுமா, வளர்க்க வேண்டாமா என்று நம் ஊரில் கேட்பார்கள் அல்லவா? இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் அறிவியலைப் பார்த்துக் கேட்டதும் அதைத்தான். செயற்கை நுண்ணறிவை உருவாக்கியவர்கள் அது செய்யும் காரியங்களுக்குப் பொறுப்பேற்பார்களா என்று இன்று உலகமே விவாதிக்கிறது. அந்த விவாதத்தின் முதல் பக்கம் இந்த நாவலில் இருக்கிறது.

2. கேப்டன் நேமோ என்னும் இந்தியர்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ 1869-70-இல் வெளிவந்தது. தலைப்பைப் பார்த்துக் கடலின் ஆழம் என்று நினைக்க வேண்டாம். அது கடலுக்கடியில் பயணம் செய்த தூரம். ஒரு லீக் நான்கு கிலோமீட்டர் என்றால், இருபதாயிரம் லீக் என்பது 80,000 கிலோமீட்டர். பூமியையே இரண்டு முறை சுற்றி வரலாம்.

நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் நேமோ. லத்தீனில் அதற்கு ‘யாருமில்லை’ என்று பொருள். எந்த நாட்டையும் ஏற்காமல், எவருக்கும் கட்டுப்படாமல் கடலுக்கடியில் வாழும் இந்த மனிதன் யார்? முதல் நாவலில் விடை இல்லை. 1875-இல் முடிவடைந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் வெர்ன் ரகசியத்தை உடைக்கிறார். நேமோவின் உண்மைப் பெயர் இளவரசர் தக்கார். இந்தியாவின் புந்தேல்கண்ட் சமஸ்தானத்து வாரிசு. 1857-இல் ஆங்கிலேயருக்கு எதிரான எழுச்சியில் குடும்பத்தையும் நாட்டையும் இழந்தவர்.

வெர்ன் முதலில் நேமோவை ரஷ்யாவால் பாதிக்கப்பட்ட போலந்துக்காரராக அமைக்கத்தான் நினைத்தார். பதிப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் நமக்கு ஓர் இந்திய நாயகர் கிடைத்தார். அறிவியல் புனைகதை என்றாலே வெள்ளைக்காரர்களின் கதை என்று ஒதுக்கும் நண்பர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் புத்தகம் இதுதான். அதன் மிகப் புகழ்பெற்ற கதாநாயகர்களில் ஒருவர், நாட்டை இழந்த இந்தியர். படித்த படிப்பெல்லாம் ஒருவனைக் கோபத்திலிருந்து விடுவிக்குமா, அல்லது கோபத்துக்கு ஆயுதம் செய்து கொடுக்குமா? நேமோவின் கதை கேட்கும் கேள்வி இது.

3. உலகங்களின் போர்

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1898-இல் வெளியிட்ட நாவல் இது. செவ்வாய்க் கிரகவாசிகள் இங்கிலாந்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுடைய ஆயுதங்களின் முன் ஆங்கிலேயரின் பீரங்கிகள் பொம்மைகளாகிவிடுகின்றன. லண்டன் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடுகிறார்கள்.

இதை வெறும் படையெடுப்புக் கதையாகப் படிக்கலாம். ஆனால் தொடக்கத்திலேயே வெல்ஸ், ஐரோப்பியர்கள் டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை எப்படி அழித்தார்கள் என்று நினைவூட்டிவிடுகிறார். அதாவது, ‘நாம் மற்றவர்களுக்குச் செய்ததை நமக்கு ஒருவன் செய்தால் எப்படி இருக்கும்?’ என்று பேரரசின் தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். பாலும் ரப்பரும் யாருக்காகவோ எடுத்துக் கொடுத்த தோட்டத்து மக்களின் பிள்ளைகளான நமக்கு இந்தக் கேள்வி எளிதில் புரியும்.

பொதுமக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவர்கள் யாரும் இந்த நாவலைத் தாண்டி வந்திருக்க முடியாது. 1938 அக்டோபர் 30 அன்று, அமெரிக்க வானொலியில் 23 வயது ஆர்சன் வெல்ஸ் இதை நாடகமாக்கினார். நாடகம் செய்தி அறிக்கைபோல் அமைந்திருந்ததால் நேயர்கள் சிலர் உண்மை என்றே நம்பினார்கள். நாடு முழுவதும் மக்கள் தெருவில் ஓடியதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பீதி அவ்வளவு பெரிதாக இல்லை, பத்திரிகைகள்தாம் ஊதிப் பெருக்கின என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வானொலி ஏமாற்றியது என்ற செய்தியே பாதி ஏமாற்று! கைப்பேசியில் வரும் ஒவ்வொன்றையும் உடனே அடுத்தவருக்கு அனுப்பும் நமக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

4. பாரன்ஹீட் 451

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953-இல் வெளியிட்ட நாவல். இதில் தீயணைப்பு வீரர்களின் வேலை தீயை அணைப்பதன்று. புத்தகம் வைத்திருப்பவர் வீட்டைத் தேடிப் போய்க் கொளுத்துவது! அப்படிப்பட்ட வீரன் ஒருவன், எரிக்க வேண்டிய புத்தகம் ஒன்றைத் திறந்து படித்துவிடுகிறான்.

இதன் முதல் வடிவத்தைப் பிராட்பரி எழுதிய இடம் சுவையானது. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் வாடகைத் தட்டச்சு இயந்திரங்கள் இருந்தன. அரை மணி நேரத்துக்குப் பத்து காசு போட வேண்டும். அவர் மொத்தம் 9 டாலர் 80 காசு செலவழித்து எழுதி முடித்தார். புத்தகங்களை எரிக்கும் கதை, புத்தகங்களின் நடுவிலேயே எழுதப்பட்டது.

அந்த நாட்டில் புத்தகங்களை முதலில் தடை செய்தது அரசாங்கமா? இல்லை என்கிறது நாவல். மக்கள்தாம் முதலில் படிப்பதை நிறுத்தினார்கள். சுவர் அளவு தொலைக்காட்சியும், காதில் செருகிய ஒலிக்கருவியும் போதும் என்று இருந்துவிட்டார்கள். தடை பிறகுதான் வந்தது. தொலைக்காட்சியில் வேலை பார்க்கும் என்னை இந்தப் புத்தகம் விரல் நீட்டிக் கேள்வி கேட்கிறது. அதனாலேயே எனக்கு இதைப் பிடிக்கும். ஏறக்குறைய இருநூறு பக்கம்தான். விடுமுறை நாள் ஒன்றில் முடித்துவிடலாம்.

5. சொர்க்கத்தின் நீரூற்றுகள்

ஏழு நாவல்களில் நமக்கு மிக நெருக்கமானது என்று நான் கருதுவது இது. எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். இங்கிலாந்தில் பிறந்து, 1956 முதல் தம் இறுதிக்காலம் வரை இலங்கையிலேயே வாழ்ந்தவர்.

இவருக்கு நம் தொலைக்காட்சி கடன்பட்டிருக்கிறது. 1945-இல் ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் இவர் கட்டுரை ஒன்று எழுதினார். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றி வரும். கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலி, ஒளி அலைகளை அனுப்பலாம் என்று விளக்கினார். அப்போது வானத்தில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. 1996-இல் மீசாட் செயற்கைக்கோள் வழியே மலேசியாவில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியது. நம் வீட்டுக் கூரையில் உள்ள தட்டு ஒரே பக்கம் பார்த்தபடி அசையாமல் நிற்கிறதே, அது கிளார்க் விளக்கிய கணக்கின்படிதான். மழை பெய்தால் படம் நின்றுபோவதற்கு மட்டும் அவர் பொறுப்பல்ல!

1979-இல் வெளிவந்த இந்த நாவலில் அவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அந்த 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பூமிக்கு ஒரு கம்பியைத் தொங்கவிட்டால் என்ன? அதில் மின்தூக்கிபோல் ஏறி விண்வெளிக்குப் போகலாமே? ராக்கெட் வேண்டாம், புகை வேண்டாம். இந்த யோசனையை ரஷ்ய அறிஞர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். தன் எடையைத் தானே தாங்கும் அளவுக்கு வலுவான பொருளை அவ்வளவு நீளத்துக்குச் செய்ய இன்றுவரை முடியவில்லை. கிளார்க் அது முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு கதையைத் தொடங்குகிறார்.

கம்பியை எங்கே கட்டுவது? நடுக்கோட்டில், உயரமான மலை மீது கட்ட வேண்டும். பொருத்தமான இடம் ‘தப்ரபேன்’ தீவின் மலை. அது இலங்கையின் பழைய கிரேக்கப் பெயர். உண்மையான இலங்கை நடுக்கோட்டில் இல்லாததால், கிளார்க் தம் கதைக்காகத் தீவையே ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். அந்த மலை, தமிழர்கள் சிவனொளிபாத மலை என்று அழைக்கும் மலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

இங்கேதான் சிக்கல். மலையுச்சியில் பல நூற்றாண்டுகளாகத் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது. பொறியியலாளர் மார்கனுக்கு மனித குலத்தின் எதிர்காலம் அந்த மலையில் இருக்கிறது. துறவிகளுக்கு மனித குலத்தின் கடந்த காலம் அதே மலையில் இருக்கிறது. யார் விட்டுக்கொடுப்பது?

மேம்பாட்டுத் திட்டத்துக்காகத் தோட்டக் கோயிலை இடம் மாற்றுவது பற்றிய பேச்சு எழும்போது நம் மனம் என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். சாலையும் வேண்டும், வீடும் வேண்டும். ஆனால் தாத்தா கும்பிட்ட சாமியும் வேண்டும். கிளார்க் தனிப்பட்ட முறையில் சமய நம்பிக்கை இல்லாதவர். இருந்தும் துறவிகளை அவர் முட்டாள்களாகக் காட்டவில்லை. அவர்களுடைய தலைவர் பேசும் இடங்களில் மார்கனைவிட அவரே உயர்ந்து நிற்கிறார். மறுதரப்புக்கும் உரிய மரியாதையைக் கொடுத்து எழுதுவது எப்படி என்பதற்கு இந்த நாவல் ஓர் எடுத்துக்காட்டு. துறவிகள் மலையைவிட்டு இறங்கினார்களா, இறங்கினால் எதனால் என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

6. என் இனிய இயந்திரா

இப்போது நம் சுஜாதாவிடம் வருவோம். இயற்பெயர் ரங்கராஜன். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராகப் பணியாற்றியவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்த நாவலுக்காக வாரா வாரம் காத்திருந்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு.

கதை எதிர்காலத்தில் நடக்கிறது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. மக்களுக்கு எண்கள். பெயர்கள் இரண்டெழுத்துக்குள் அடங்க வேண்டும். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். கணவனைக் காணாமல் தேடும் நிலா என்ற எளிய பெண்ணுக்குத் துணையாக வருகிறது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. புத்தகம் படிக்கும், எதிர்த்துப் பேசும், கிண்டல் செய்யும். இதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’.

கதை நடக்கும் ஆண்டும் வந்தது, போய்விட்டது. இயந்திர நாய் வீட்டுக்கு வீடு வரவில்லை. ‘சுஜாதா சொன்னது பலிக்கவில்லையே’ என்று சிலர் கேட்கலாம். ஆனால் எண் இல்லாமல் ஒரு கதவும் திறக்காத வாழ்க்கை வந்துவிட்டது. கடவுச்சொல் மறந்துபோனால் நம் வங்கிக் கணக்கே நம்மை யார் என்று கேட்கிறது. நாம் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் இயந்திரம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அரசியலில் நாம் திரையில் பார்க்கும் முகம் உண்மைதானா என்ற சந்தேகமும் வந்துவிட்டது. ஜீவாவின் ரகசியம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் படித்துப் பாருங்கள்.

சுஜாதாவின் பெரிய சாதனை வேறொன்று. இயந்திரத்தைத் தமிழில் பேச வைத்தார். அதுவும் மேடைத் தமிழில் அல்ல, நகைச்சுவையும் குறும்பும் கலந்த தமிழில். எதிர்காலம் தமிழ் பேசினால் எப்படி இருக்கும் என்று ஒரு தலைமுறைக்கே காட்டினார். அவர் 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். சரியாக மூன்று வாரங்களில், மார்ச் 19 அன்று, கிளார்க்கும் கொழும்பில் காலமானார்.

7. மூன்று கோள் சிக்கல்

கடைசியாக ஒரு சீன நாவல். சீன மொழியில் ‘மூன்று உடல்கள்’ என்ற தலைப்பில் லியூ சிசின் எழுதியது. அவரும் சுஜாதாவைப்போல் பொறியியலாளர். மின் உற்பத்தி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். சீனக் கலாச்சாரப் புரட்சியின்போது தன் தந்தை அடித்துக் கொல்லப்படுவதைப் பார்த்த ஒரு பெண், பின்னாளில் விண்வெளிக்குச் செய்தி அனுப்பும் இடத்தில் வேலைக்குச் சேர்கிறாள். மனிதர்கள்மீது நம்பிக்கை இழந்த அவள் என்ன செய்தாள் என்பதே கதை. இயற்பியல் சற்றுக் கூடுதலாக இருக்கும். புரியாத பக்கத்தைத் தாண்டிப் போனாலும் கதை நம்மை விட்டுவிடாது.

இந்த நாவல் வளர்ந்த வழிதான் எனக்கு முக்கியம். 1979-இல் செங்டு நகரில் ஓர் அறிவியல் புனைகதை இதழ் தொடங்கப்பட்டது. அந்த இதழில்தான் இந்த நாவல் 2006-இல் தொடராக வந்தது. 2008-இல் நூலானது. 2014-இல் ஆங்கிலத்துக்குப் போனது. 2015-இல் அறிவியல் புனைகதைக்கான ஹூகோ விருதைப் பெற்றது. ஆசியர் ஒருவரின் நாவல் அந்த விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. 2023-இல் உலக அறிவியல் புனைகதை மாநாடே செங்டுவுக்கு வந்தது.

லியூ சிசின் உலகத்துக்காக ஆங்கிலத்தில் எழுதவில்லை. தம் மொழியில், தம் வாசகர்களுக்காக எழுதினார். படித்து, விவாதித்து, அடுத்தவருக்குக் கொடுத்து, இதழை வாழ வைத்த வாசகர் கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. உலகம் பிறகு தேடி வந்தது.

நம்மால் முடியாதா?

முடியும் என்பதற்குச் சான்று நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. ‘இணையம்’ என்ற சொல்லை இன்று உலகத் தமிழர் எல்லாரும் பயன்படுத்துகிறோம். அதை நமக்குத் தந்தவராகச் சிங்கப்பூரின் நா.கோவிந்தசாமியைக் குறிப்பிடுவார்கள். கணினியில் தமிழ் எழுத ‘முரசு அஞ்சல்’, கைப்பேசியில் தமிழ் எழுத 2005-இல் ‘செல்லினம்’ என்று வழி செய்து கொடுத்தவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். நாளை வரப்போகும் கருவிக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். கருவியைத் தமிழாக்கிய நாம், அந்தக் கருவியோடு வாழப்போகும் வாழ்க்கையைத் தமிழில் யோசிக்க வேண்டாமா?

எழுதுவோர் இல்லாமல் இல்லை. ஜெயமோகனின் ‘விசும்பு’ அறிவியல் சிறுகதைகளின் தொகுப்புதான். 2019-இல் ‘அரூ’ என்ற தமிழ் இணைய இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி ஒன்றை நடத்தியது. எழுதுகிறவர்களுக்குத் தேவை, படித்துவிட்டுப் பேசும் வாசகர்கள்.

மூன்று தயக்கங்கள்

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மூன்று தயக்கங்கள் எழுகின்றன. முதலாவது, ‘அது சின்னப் பிள்ளைகள் படிப்பது’ என்பது. மேலே சொன்ன ஏழையும் எண்ணிப் பாருங்கள். பொறுப்பு, அடிமைத்தனம், நம்பிக்கை, சர்வாதிகாரம். இவற்றில் எது பிள்ளை விளையாட்டு?

இரண்டாவது, ‘எனக்கு அறிவியல் தெரியாது’ என்பது. சோழர் வரலாறு படித்துவிட்டா பொன்னியின் செல்வனைத் தொட்டோம்? கதையின் கையைப் பிடித்துக்கொண்டு போனோம். வரலாறு கூடவே வந்தது. அறிவியலும் அப்படியே வரும்.

மூன்றாவது, ‘எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே’ என்பது. இந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் படிப்பது எந்த மொழியாக இருந்தாலும், படித்ததைப் பேசுவது தமிழாக இருக்கலாம் அல்லவா? மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும். இரவுச் சாப்பாட்டு வேளையில் அப்பாவுக்குத் தமிழில் சொல்லட்டும். சொல்லும்போது ஈர்ப்பு விசைக்கும் விண்கலத்துக்கும் தமிழ்ச் சொல் தேடுவாள். கிடைக்காத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே போடட்டும், குற்றமில்லை. நாம் இன்று சரளமாகச் சொல்லும் ‘செயற்கைக்கோள்’கூட ஒரு காலத்தில் யாரோ தயங்கித் தயங்கிச் சொன்ன சொல்தான்.

எப்படிப் பகிர்வது?

ஒரு புத்தகத்தை அடுத்தவரிடம் கொடுக்கும்போது கதையைச் சொல்லாதீர்கள், கேள்வியைச் சொல்லுங்கள். ‘இதில் ஒரு கண்ணாடி வீடு வரும், பெரிய இயந்திரம் வரும்’ என்றால் யாருக்கும் ஆசை வராது. ‘புத்தகம் படிப்பது குற்றம் என்றால் நீ எதை மனப்பாடம் செய்து காப்பாற்றுவாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். திருக்குறளா, தேவாரமா, கண்ணதாசனா என்று வீட்டில் சண்டையே வரும். அந்தச் சண்டை நல்லது.

ஆளறிந்து கொடுங்கள். வரலாற்று நாவல் பிரியருக்கு நேமோ. அரசியல் பேசுபவருக்கு என் இனிய இயந்திரா. கோயில் காரியங்களில் ஈடுபட்டவருக்குக் கிளார்க். படிப்பில் நாட்டமில்லாத பதின்ம வயதுப் பையனுக்கு வெல்ஸ். ஏழையும் ஒரே நாளில் ஒருவர் தலையில் கட்டாதீர்கள். எட்டாவது நாள் அவர் உங்களைக் கண்டால் வழி மாறிப் போவார்.

மாதம் ஒரு முறை நான்கு பேர் கூடினால் போதும். மண்டபம் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம், தலைமையுரை வேண்டவே வேண்டாம். ஒரு புத்தகம், தேநீர், ஒரு மணி நேரம். பொது நூலகத்தில் தமிழ் அறிவியல் நாவல் இல்லையென்றால் கேளுங்கள். வாசகர் கேட்காத புத்தகத்தை எந்த நூலகமும் தானாக வாங்கி வைக்காது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ‘நான் ஒரு பேனா’ என்று கட்டுரை எழுதச் சொல்வதோடு ‘நான் ஓர் இயந்திரம், என்னைப் படைத்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்’ என்றும் எழுதச் சொல்லலாம். அந்தக் கட்டுரைகளில் ஒன்று, நாளைய தமிழ் அறிவியல் நாவலின் முதல் அத்தியாயமாக இருக்கலாம்.

நம் முன்னோர் விட்டுச் சென்ற தமிழைக் காப்பது நம் கடமை என்று எல்லா மேடைகளிலும் பேசுகிறோம். மகிழ்ச்சி. அந்தத் தமிழில் நம் பேரப்பிள்ளைகளுக்குப் பேச என்ன விஷயம் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிப்போம். இந்த வாரமே ஒரு புத்தகத்தை எடுங்கள். படியுங்கள். படித்ததும் அலமாரியில் வைக்காமல் அடுத்தவர் கையில் கொடுங்கள்.